ரமணி அக்காவின் கோப்பி ஓ நிறம்

ஒருவர் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில், அவர் நேற்று வெயிலில் அலைந்தாரா, போன வாரம் யாரிடம் போய் ஃபேஷியல் செய்துகொண்டு வந்தார் என்பதையெல்லாம் லோகேஸ்வரி சொல்லிவிடுவாள். சொல்லாமல் இருக்க மாட்டாள் என்பதுதான் தொல்லை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடியில் இருபத்திரண்டு வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறாள். கண்ணும் தேர்ந்துவிட்டது, வாயும் தேர்ந்துவிட்டது.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. வாடிக்கையாளர் பெயருக்கு எதிரே பவுண்டேஷன் புட்டியில் அச்சடித்த நிற எண்ணை அதில் எழுத மாட்டாள். சாப்பாட்டுக் கடையில் கேட்டு வாங்குகிற பானத்தின் பெயரை எழுதுவாள். வெளுத்த பெண்ணென்றால் பால் தூக்கலான தேநீர் 'தே தாரிக்', மாநிறமென்றால் 'மைலோ', நல்ல கறுப்பென்றால் பால் படாத 'கோப்பி ஓ'. கம்பெனிக்காரன் வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணை மாற்றிவிடுவான், கோப்பி ஓ என்றைக்கும் கோப்பி ஓதான் என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இருந்தது. ஆனால் எழுதுவது ஒன்று, பூசுவது இன்னொன்று. மைலோ என்று எழுதிய பெண்ணைத் தே தாரிக்காக்கித்தான் மேடைக்கு அனுப்புவாள். இரண்டு படி ஏற்றிவிட்டால்தான் மேக்கப் பிரமாதம் என்று ஊர் சொல்லும்.

லோகேஸ்வரியும் கோப்பி ஓதான். அவள் முகத்தைப் பார்த்தால் அது தெரியாது. கழுத்துக்குக் கீழே பார்த்தால் தெரியும்.

அந்த நோட்டில் ரமணியின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ரமணிக்கு ஐம்பத்து நாலு வயது, வீடு கிள்ளானில். பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவள். புருவம் திருத்திக்கொள்ள மாதம் ஒரு தடவை கொமுட்டர் ரயில் ஏறி வருவாள். அவளும் கோப்பி ஓ. முகத்தில் ஒரு திட்டு கிடையாது, ஒரு புள்ளி கிடையாது. அத்தனை ஒழுங்கான கறுப்பு. லோகேஸ்வரிக்கு அந்தத் தோல் மேல் ஒரு மரியாதையே உண்டு.

அந்தத் தோல்தான் ஒன்றரை வருஷமாக வெளுத்துக்கொண்டே வந்தது. முதலில் வெளிச்சத்தின் கோளாறு என்று நினைத்துக் கடையின் குழல்விளக்கை மாற்றினாள் லோகேஸ்வரி. அடுத்த மாதம் ரமணி மைலோவாக வந்தாள். தீபாவளிக்கு முன் வந்தபோது தே தாரிக்கைத் தொட்டிருந்தாள். திட்டுத்திட்டாக இல்லாமல், முகம் கழுத்து கை எல்லாம் சேர்ந்தாற்போல் வெளுத்திருந்தது. எந்த க்ரீமும் இப்படிச் செய்யாது. ஆகவே பெட்டாலிங் ஜெயாவில் யாரோ வெள்ளையாக்குகிற ஊசி போடுகிறாள், ரமணி அவளிடம் போகிறாள், தன்னிடம் மட்டும் மறைக்கிறாள் என்று லோகேஸ்வரி முடிவு கட்டிவிட்டாள். அந்த ஊசிக்காரி யார் என்று தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ரமணியைக் கேட்டால் சிரித்து மழுப்புவாள். அவள் கணவர் பழனியப்பனை ஒருநாள் கிள்ளானில் ஒரு கல்யாணத்தில் பிடித்துக் கேட்டாள். லோரி கம்பெனி நடத்துகிற மனுஷர், பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். கொஞ்சம் விழித்துவிட்டு, "பப்பாளி லா" என்றார். பக்கத்து நாற்காலிகளில் இருந்த நாலு பெண்கள் காதிலும் அது விழுந்தது. அடுத்த இரண்டு மாதம் கிள்ளானின் லிட்டில் இந்தியாவில் காலை பத்து மணிக்கு மேல் ஒரு பப்பாளி மிச்சமில்லை. எத்தனையோ பெண்கள் முகத்தில் பழக்கூழோடு உட்கார்ந்து பார்த்தார்கள். எறும்புதான் வந்தது.

அப்புறம் ரமணியின் ஒரே மகள் மலர்விழிக்குக் கல்யாணம் நிச்சயமானது. பினாங்கில் எஞ்சினியர் வேலை அவளுக்கு. மாப்பிள்ளை சரணும் அங்கேதான். முகூர்த்தத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, அலங்காரத்தை முன்கூட்டிப் போட்டுப் பார்க்கத் தாயும் மகளும் மாடியேறி வந்தார்கள்.

மலர்விழியைப் பார்த்ததும் லோகேஸ்வரிக்குப் பழைய ரமணியைப் பார்த்ததுபோல் இருந்தது. அதே நெற்றி, அதே ஒழுங்கான கறுப்பு. ஆனால் தாயும் மகளும் ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசவில்லை. சேலையின் நிறத்தைப் பற்றிக்கூட லோகேஸ்வரியிடம் சொல்வதுபோல்தான் இருவரும் பேசிக்கொண்டார்கள். ரமணி கழிப்பறைக்குப் போன நேரத்தில் மலர்விழி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஆன்டி, என்னை வெள்ளையாக்காதீங்க. என் கலர்லயே மேக்கப் போடுங்க. அம்மாவுக்கு எப்படி வேணுமோ அப்படிப் போட்டு விடுங்க."

வாயைக் கிளறுவதில் லோகேஸ்வரிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டே கேள்வியில் விஷயம் வந்துவிட்டது. பன்னிரண்டு வயதில் பள்ளிக்கூடத்தில் கறுப்பி என்று யாரோ சொல்லி மலர்விழி அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள். ரமணி தன் கையை மகள் கைக்குப் பக்கத்தில் வைத்து, இது நம் இருவருடைய நிறம், இதை மாற்றச் சொல்கிறவர்கள் வீட்டு வாசலை நாம் மிதிக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் மலர்விழி இத்தனை வருஷம் தலை நிமிர்ந்து நடந்திருக்கிறாள். இப்போது ஒவ்வொரு விடுமுறைக்கு வரும்போதும் அம்மா ஒரு படி வெளுத்திருக்கிறாள். கேட்டால் பப்பாளி என்கிறாள். அப்படியென்றால் அன்று சொன்னது அத்தனையும் பொய்தானே என்று கேட்டாள் அந்தப் பெண். அவள் அழவில்லை. லோகேஸ்வரிக்குத்தான் என்னவோ போல் ஆகிவிட்டது.

இருந்தாலும் தொழில் தொழில்தான். என் கலரிலேயே போடுங்கள் என்று சொல்கிற பெண்கள்தான் ஆல்பம் வந்த பிறகு சண்டைக்கு வருவார்கள். இவளையும் ஒரு படியாவது ஏற்றிவிட வேண்டும் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, "சரிம்மா" என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்த வாரம் ரமணி தனியாக வந்தாள். ஊசிக்காரியின் பெயரை இன்றைக்கு வாங்கிவிடுவது என்று லோகேஸ்வரி கதவைச் சாத்தி, பாலில்லாத தேத்தண்ணி வைத்து, இலவசமாக ஒரு ஃபேஷியல் என்று சொல்லி அவளைச் சாய்வு நாற்காலியில் படுக்க வைத்தாள். ரமணி கண்ணை மூடிக்கொண்டே கேட்டாள்.

"லோகா, என் முகத்தைப் பழையபடி கறுப்பாக்க முடியுமா? கல்யாணத்து அன்னிக்கு மட்டும் போதும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் யாரும் கேட்டிராத கேள்வி. லோகேஸ்வரி பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். முடியாது என்றால் என்ன செய்வீர்கள் என்று விளையாட்டாகக் கேட்டாள். ரமணி விளையாடவில்லை. முடியாவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடுவேன், நிறுத்தினால் நிறம் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், மூன்று நாளாக நிறுத்தித்தான் பார்க்கிறேன் என்றாள். எந்த மாத்திரை என்று கேட்டபோது எழுந்து உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள்.

ரத்தப் புற்றுநோய். இரண்டு வருஷமாக. ரமணி அந்தச் சொல்லை உப்பு புளி பேசுகிற குரலில் சொன்னாள். தினம் காலையில் சாப்பாட்டோடு மாத்திரை, ஒரு பெரிய கிளாஸ் தண்ணீர், அவ்வளவுதான். அதை விழுங்குகிறவரைக்கும் நோய் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கிறது. அவளைப் பார்க்கிற சீன டாக்டரம்மா, நிறம் ஏன் மாறுகிறது என்று அப்பாயிண்ட்மெண்ட் அட்டையின் பின்புறம் படம் போட்டுக் காட்டியிருந்தார். அந்த அட்டையை நீட்டினாள்.

ஒரு வட்டம். வட்டத்தின் மேல் ஒரு சின்னப் பொத்தான். "இந்த வட்டம்தான் கலர் செய்யிற செல்லு. மேல இருக்குறது பெல்லு மாதிரி. ஏற்பின்னு சொல்றாங்க" என்றாள் ரமணி. பக்கத்துத் தோல் செல்கள் வளர்ச்சிக் காரணி என்று ஒன்றை அனுப்புமாம். அது வந்து மணியை அழுத்தினால், உள்ளே இருக்கிற செல் எழுந்து நிறத்தைத் தயார் செய்யும். ரத்தத்தில் ஒரு கோளாறான மணி யாரும் அழுத்தாமலே ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. அதன் ஒயரைப் பிடுங்கத்தான் மாத்திரை. ஆனால் இரண்டு மணிக்கும் ஒயர் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாத்திரை அதையும் பிடுங்கிவிடும், இதையும் பிடுங்கிவிடும்.

"செல்லு சாகல லோகா. வீட்டுலதான் இருக்கு. பெல்லு கேக்கல, அவ்வளவுதான்."

லோகேஸ்வரிக்கு வெட்கமாகப் போயிற்று. ஊசிக்காரி, ஊசிக்காரி என்று ஒன்றரை வருஷம் மனசுக்குள் திட்டித் தீர்த்தது எல்லாம் நினைவுக்கு வந்தது. மகளிடம் சொல்லக் கூடாதா என்று கேட்டாள். புற்றுநோய் என்கிற ஒரு சொல் போதும், கல்யாணத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு என் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள் என்றாள் ரமணி. தாலி ஏறட்டும், அப்புறம் சொல்கிறேன். ஆனால் அந்த மேடையில் மகளுக்குப் பக்கத்தில் வேறு யாருடைய அம்மாவோ போல நிற்க மட்டும் முடியாது. அவள் என்னை நிமிர்ந்து பார்ப்பதில்லை, லோகா என்றாள். அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பிறகு லோகேஸ்வரி கொடுத்த திட்டு கீழே சேலைக் கடை வரைக்கும் கேட்டிருக்கும். நிறத்துக்காக உயிரை அடகு வைக்கிற அளவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா, நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் கறுப்பாகப் படுத்திருந்தால் என்ன, வெள்ளையாகப் படுத்திருந்தால் என்ன என்று கேட்டாள். அங்கேயே ஒரு மாத்திரையை விழுங்க வைத்தாள். வெறும் வயிற்றில் கூடாது என்று ரமணி சொன்னதால், கீழேயிருந்து தோசை வரவழைத்தாள். தோசை வரும்வரை இன்னும் கொஞ்சம் திட்டினாள்.

"கறுப்பு என் பொறுப்புக்கா. நீங்க மாத்திரையை முழுங்கிட்டு, காலி அட்டையை தெனம் படம் புடிச்சு எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்பணும். ஒரு நாள் வரலன்னாலும் மலருக்கு போன் போட்டுருவேன்."

ரமணி சம்மதித்தாள். நிறுத்திப் பார்த்த அந்த மூன்று நாளைப் பற்றி அடுத்த முறை டாக்டரம்மாவிடமும் சொல்வதாக ஒப்புக்கொண்டாள். சொன்னபோது அங்கேயும் தோசை இல்லாமல் அதே அளவு திட்டு கிடைத்தது.

ரமணி கொமுட்டர் பிடிக்கப் போன பிறகு, லோகேஸ்வரி தன் பெட்டியைத் திறந்தாள். மூன்று அடுக்குப் பெட்டி. நாற்பத்தேழு புட்டிகள். எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக அடுக்கினாள். தே தாரிக்கில் பதினெட்டு விதம் இருந்தது. மைலோ பன்னிரண்டு. மிச்சமெல்லாம் ரோஜா நிறமும் தந்த நிறமும். கோப்பி ஓ ஒன்றுகூட இல்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்தாள். வாடிக்கையாளர்களில் பாதிக்கு மேல் கோப்பி ஓ. இருபத்திரண்டு வருஷமாக எண்ணூறு பெண்களின் தோலைத் தொட்டவள், அவர்களில் பாதிப்பேரின் நிறத்தை ஒரு தடவைகூடக் காசு கொடுத்து வாங்கியதில்லை. கறுப்பு என் பொறுப்பு என்று வாய் கிழியப் பேசியவள், காலி மேசையைப் பார்ப்பதுபோல் அந்த நாற்பத்தேழு புட்டிகளையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மறுநாளிலிருந்து அலைச்சல் தொடங்கியது. கேஎல் சென்ட்ரல் பக்கத்து மாலில் கேட்டாள், பெட்டாலிங் ஜெயாவில் இரண்டு மாலில் கேட்டாள். விற்கிற பெண்கள் எல்லாம் இவள் முகத்தைப் பார்த்து, ஆன்டிக்கு இன்னும் வெளிச்சமான ஷேட் காட்டட்டுமா என்றார்கள். அந்த அடர்ந்த நிறங்கள் இங்கே ஓடாது, அதனால் வரவழைப்பதில்லை என்றாள் ஒருத்தி. ஓடாததற்கு முக்கியமான காரணம் தன்னைப் போன்றவர்கள்தான் என்பது லோகேஸ்வரிக்கு உறைத்தது. கடைசியில் ஒருத்தி இருப்பில் இல்லாததை வெளிநாட்டிலிருந்து வரவழைத்துத் தருவதாகச் சொல்லி, எந்த நிறம் என்று காட்டச் சொன்னாள். ரமணியின் பழைய நிறம் இப்போது எங்கே இருக்கிறது காட்டுவதற்கு? லோகேஸ்வரி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கைப்பையிலிருந்து ஈரத்தாளை எடுத்து, அந்தக் கடைக் கண்ணாடி முன்னால் தன் கன்னத்தில் பூசியிருந்ததை வழித்துத் துடைத்தாள்.

"இந்தக் கலரு" என்றாள்.

மூன்று வாரத்தில் புட்டி வந்தது. அதற்குள் லோகேஸ்வரியின் கைப்பேசி மாத்திரை அட்டைகளால் நிரம்பியிருந்தது. மற்றவர்கள் ரோஜாப்பூவோடு காலை வணக்கம் அனுப்ப, ரமணி மட்டும் ஓட்டை விழுந்த அட்டையை அனுப்பினாள். இதில் பெரிய அதிசயம், லோகேஸ்வரி யாரிடமும் எதையும் சொல்லவில்லை என்பதுதான். பப்பாளி ரகசியம் கேட்டு எத்தனை பேர் வந்தார்கள். நாக்கின் நுனி வரைக்கும் வந்ததைத் தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினாள். இரண்டு கிலோ ஏறியது.

முகூர்த்தத்து அன்று விடியற்காலை ஐந்தரைக்கு, கிள்ளானில் கல்யாண மண்டபத்து அறையில் பெட்டியைத் திறந்தாள். முதலில் மலர்விழி. ஒரு படிகூட ஏற்றவில்லை. அந்தப் புட்டியை அவள் நிறத்துக்கே பூசியபோது, தோல் மேல் ஒன்றும் பூசாதது போலவும், உள்ளேயிருந்து விளக்கேற்றியது போலவும் ஆயிற்று. இது தெரியாமலா இத்தனை பெண்களுக்குச் சுண்ணாம்பு அடித்தோம் என்று லோகேஸ்வரிக்கு ஆற்றாமையாக இருந்தது. மலர்விழி சேலை கட்ட அடுத்த அறைக்குப் போனதும், அதே புட்டியால் ரமணியின் முகம், கழுத்து, இரண்டு கை. முடித்துவிட்டுக் கண்ணாடியைத் திருப்பினாள். ரமணி கண்ணாடியில் இருந்தவளைப் பார்த்து ஒரு தடவை தலையாட்டினாள், வெளியூர் போயிருந்தவளை வரவேற்பதுபோல்.

மலர்விழி சேலையோடு உள்ளே வந்தாள். அம்மாவைப் பார்த்தாள். ஒரு கணம் முகம் சின்னப் பிள்ளையுடையதுபோல் ஆயிற்று. மறுகணமே இறுகிவிட்டது.

"போட்டோவுக்காகவா? இன்னிக்கு ஒரு நாள் என் கலரு. நாளைக்கு மறுபடி வெள்ளையா?"

ரமணி கைப்பையை மடிக்கு இழுத்து அணைத்துக்கொண்டாள். தாலி ஏறட்டும் என்று மூன்று மாதம் காத்தது, தாலிக்கு மூன்று மணி நேரம் முன்னால் மாட்டிக்கொண்டது. லோகேஸ்வரியின் வாயோ அதற்கு மேல் தாங்காது.

"உங்கம்மா எந்த க்ரீமும் பூசலம்மா. கைப்பையைத் திறந்து காட்டுங்கக்கா. இல்லாட்டி நான் காட்டுவேன்."

ரமணி திறந்தாள். மாத்திரை அட்டையையும் டாக்டரம்மாவின் படத்தையும் மகள் கையில் கொடுத்து, மணியையும் ஒயரையும் பற்றிச் சொன்னாள். மலர்விழி மருதாணிக் கையில் அந்த அட்டையை வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை குறுக்கிடாமல் கேட்டாள். நிறுத்திப் பார்த்த மூன்று நாளையும் ரமணி மறைக்கவில்லை.

"எனக்காகவா நிறுத்துன?" என்றாள் மலர்விழி.

மலர்விழி மேசையில் இருந்த ஈரத்தாளை எடுத்தாள். லோகேஸ்வரிக்குப் புரிவதற்குள், அம்மாவின் கன்னத்தில் வைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். நெற்றி, மூக்கு, தாடை. கறுப்பு தாளோடு வந்தது. உள்ளேயிருந்து வெளுத்த முகம் வந்தது.

"இது இப்படியே இருக்கட்டும்மா. இந்த வெள்ளை இருக்குற வரைக்கும் நீ மாத்திரை சாப்பிடுறேன்னு எனக்குத் தெரியும்."

அப்புறம் இருவரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். கண் மையை நினைத்து லோகேஸ்வரி பதறியிருக்க வேண்டும். அவளும் அழுதுகொண்டிருந்ததால் முடியவில்லை. மூன்று பேர் முகத்தையும் திரும்ப முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. ரமணிக்குக் கொஞ்சம் பவுடர் போதும் என்றாள் மலர்விழி. புட்டியில் பாதி மிச்சம் இருந்தது. அத்தனை அலைச்சலைக் கொட்டவா முடியும். முழுக்கக் கழுவிவிட்டு, லோகேஸ்வரி அதைத் தன் முகத்திலேயே பூசிக்கொண்டாள்.

சரணிடம் மலர்விழி மணவறையிலேயே சொல்லிவிட்டாள், மந்திரங்களுக்கு நடுவில், காதோரமாக. அவன் திரும்பி ரமணியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அக்கினியைப் பாருங்கள் தம்பி என்று ஐயர் அதட்டினார்.

பந்தியில் ரமணியைச் சூழ்ந்துகொண்டு பப்பாளி பூசிப் பார்த்தவர்களில் ஒருத்தியான பழனியப்பனின் அக்கா ஆரம்பித்தாள். கல்யாண நாளிலாவது உண்மையைச் சொல், என்ன போடுகிறாய் என்றாள். ரமணி மகளைப் பார்த்தாள். மகள் தலையாட்டினாள். ரத்தப் புற்றுநோய்க்கு மாத்திரை போடுகிறேன் அண்ணி, அதனால் வெளுக்கிறது என்று ரமணி சொன்னாள். இலையில் இருந்த கைகள் எல்லாம் நின்றன. அந்த அண்ணிதான் மெதுவாகக் கேட்டாள், அப்படியென்றால் பப்பாளி இல்லையா என்று. இரண்டு பந்தி தள்ளிப் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்த பழனியப்பன் வாளியோடு சமையலறைக்குள் போய்விட்டார்.

லோகேஸ்வரியையும் யாரும் விடவில்லை. என்ன இப்படிக் கறுத்துவிட்டாய், வெயிலில் அலைந்தாயா என்று கேட்டார்கள். இல்லை, மூஞ்சியைக் கழுவினேன் என்றாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் அட்டைப் படம் வந்தது. அனுப்பியது மலர்விழி. மாத்திரை அட்டையை இரண்டு கைகள் சேர்த்துப் பிடித்திருந்தன. ஒன்று கறுப்பு, அதில் மருதாணி. இன்னொன்று வெளுத்துப் போனது. லோகேஸ்வரி அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, ரமணியின் பெயருக்கு எதிரே மைலோ, தே தாரிக் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதியிருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, முதலில் எழுதிய கோப்பி ஓவை மட்டும் விட்டுவைத்தாள்.